நெட்டுக்குப்பத்திலிருந்து காசிமேட்டுக்கு: அண்ணனின் கிழிந்த ரத்தக்குழாயோடு ஒரு கடல்வழி

போன பதிவின் கீழே திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். என் அண்ணனுக்கு இருக்கும் அதே நோய் அவருடைய தம்பிக்கும் இருக்கிறதாம். திடீரென்று ஏதாவது ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து நகரத்துக்குள் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு எப்படிப் போவது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டார். பஸ், ரயில், கடல் என்று மூன்று வழியிலும் நான் போயிருக்கிறேன். கடல் வழியாகப் போனது ஒரே ஒரு முறைதான், 2007 மாசியில். அதை இதுவரை எழுதவில்லை. என்னைப் பற்றியும் எழுத வேண்டி வரும் என்கிற கூச்சம்தான் காரணம். ஆனால் கேட்டவருக்கு அது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் எண்ணூரில், முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நிமிர்ந்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. அண்ணன் பெயர் சேகர். ஆறடி மூன்று அங்குலம். கை விரல்கள் மற்றவர்களுக்கு இருப்பதைவிட ஒரு கணு அதிகம் போலத் தெரியும். இறந்துபோன எங்கள் அப்பாவும் அதே உயரம், நைனா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயதில், வலை உலர்த்திய இடத்தில் முதுகு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம்.

அண்ணனுக்கு இருபத்தெட்டு வயதில் கண் மங்கியது. காட்டப் போன இடத்தில் கண் மருத்துவர் கண்ணைப் பார்த்துவிட்டு, கைவிரல்களைப் பார்த்தார். பிறகு நெஞ்சுக்கு எக்கோ எடுத்து வரச் சொன்னார். அப்படித்தான் 'மார்ஃபன்' என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. உடம்பின் பாகங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இணைப்புத் திசு பிறவியிலேயே பலம் குறைந்தது. அதனால் கண்ணின் லென்ஸ் நகரும், எலும்பு நீளும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் அடிப்பகுதி மெல்ல மெல்ல விரியும். அண்ணனுக்கு அது 4.6 சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்திருந்தது. இதயத் துடிப்பைத் தணித்து வைக்க தினமும் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ, இன்னும் விரிந்தால் அறுவை சிகிச்சை, பாரம் தூக்கக் கூடாது. நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போல வலி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வர வேண்டும். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்திருந்ததால் வீட்டில் இதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

அண்ணன் மாத்திரையை ஒழுங்காகப் போட்டான். ஆனால் குப்பத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கரையில் படகு வந்து தட்டினால் அங்கே நிற்கும் எல்லா ஆண்களும் தோள் கொடுத்து மேலே ஏற்ற வேண்டும். யாருடைய படகு என்று பார்க்கக் கூடாது. தோள் கொடுக்காதவனை ஆம்பளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மருத்துவர் சொன்னதற்கும் கரை சொல்வதற்கும் நடுவில் அண்ணன் ஏதாவது சாக்கு சொல்லி நழுவிக்கொண்டிருந்தான். 2007 மாசியில் அன்றைக்குக் கரையில் ஆள் குறைவு. நழுவ முடியவில்லை.

காலை பத்து மணி இருக்கும். நான் வீட்டுக்குள் இருந்தேன். அண்ணி ஓடி வந்து, "பாப்பா, உங்கண்ணன் மண்ல உக்காந்துகினு கீறாரு, பேச மாட்றாரு" என்றாள். போய்ப் பார்த்தேன். படகு மேலே ஏறியிருந்தது. அண்ணன் அதன் நிழலில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் நிறம், சட்டை முழுக்க வேர்வை.

"எங்க வலிக்குது?"

"நெஞ்சுல ஆரம்பிச்சி முதுவுக்குப் போச்சி. கத்தி வெச்சி கீறிகினே போறா மாரி கீது."

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "வாயு, சோடா வாங்கியாந்து குடு." "தோளு குட்த்தான்ல, சுளுக்கு புட்ச்சிகிச்சி." கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து குப்பத்தில் பாதி முதுகுகள் என் காலுக்குப் பழக்கம். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வாசலில் யாராவது குப்புறப் படுத்திருப்பார்கள். நான் யூனிபாரத்தோடு மூன்று முறை நீவிவிட்டுப் போவேன். கல்லூரி முடித்த பிறகும் அது நிற்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனால் மறுத்ததில்லை.

"சேகரு, குப்புறப் படு. பாப்பா, வந்து காலு வை" என்றார் தாஸ் மாமா. அன்றைக்கு ஏற்றியது அவருடைய படகு. அண்ணன் அவரிடம்தான் தொழிலுக்குப் போவான்.

நான் மண்ணில் உட்கார்ந்தேன். இரண்டு காலையும் மடக்கி அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். "வைக்க மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இன்னாது?"

"காலு வைக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பின்னாலிருந்து ஒரு பெண், "ஊரு சனத்துக்கெல்லாம் காலு நீட்றே, கூடப் பொறந்தவனுக்கு நீட்ட மாட்டியா? படிச்ச திமுரா?" என்றாள். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு தபா வெச்சிட்டுப் போவலாண்டி. கெஞ்சிக் கேக்கறேன்."

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. கல்லூரி வைவாவில்கூட பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் மதிப்பெண் விட்டவள். அன்றைக்கு அண்ணனின் கையைப் பார்த்தேன். நீளமான விரல்கள் மண்ணைப் பிடித்திருந்தன. "நைனாவுக்கு வந்தது இதுதான்" என்று சொன்னேன். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. "சுளுக்கு இல்ல. நெஞ்சுலருந்து போற பெரிய ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள கிழியுது. எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் போற டியூப்ல உள் தோல் உரிஞ்சா எப்படி இருக்கும், அப்படி. வெளித் தோல் இன்னும் தாங்குது. அதுவும் போறதுக்குள்ள கொண்டு போகணும். குப்புறப் போடாதீங்க, அமுக்காதீங்க, சோடா வேணாம், தண்ணிகூட வேணாம்."

நைனாவைத் தூக்கியவர்களில் தாஸ் மாமாவும் ஒருவர். என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. இன்னா பண்ணணும், அத்த சொல்லு" என்றார்.

அப்போது 108 ஆம்புலன்ஸ் சேவையே தொடங்கவில்லை. ரயில் நிலையம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அந்த நேரத்தில் வண்டிகளுக்கு இடைவெளி அதிகம். அண்ணனைப் படி ஏற்றவும் கூடாது. ஆட்டோ பிடிக்க ஒருவர் சைக்கிளில் பறந்தார், போன வேகத்தில் திரும்பி வந்தார். "கண்டெய்னர் லாரி நவுரல. பஸ்லருந்து எறங்கி சனம் நடந்துகினு வருது." எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரி வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நின்றால் மணிக்கணக்கு.

"ரோடு இல்லாங்காட்டி இன்னா, கடலு கீதே" என்றார் தாஸ் மாமா.

ஏற்றிய படகை அதே கைகள் திரும்ப இறக்கின. உள்ளே மீன் பெட்டிகளை எடுத்துவிட்டு, காய்ந்த வலையை நாலு மடிப்பாகப் போட்டு அதன் மேல் ஒரு பாயை விரித்தார்கள். அண்ணனை நடக்க விடாமல் நாலு பேர் தூக்கி, தலைப் பக்கம் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வைத்தார்கள். எங்களோடு அண்ணி ஏறினாள். முன்னால் தண்ணீர் பார்த்துச் சொல்ல ஒருவர். நான் பழைய எக்கோ ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் பையில் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது மணி பத்து இருபது.

முகத்துவாரத்தில் அலை உடையும் இடம்தான் எனக்குப் பயம். மாசியில் கடல் அமைதிதான், இருந்தாலும் அங்கே படகு ஒருமுறை தூக்கிப் போடும். தாஸ் மாமா எஞ்சினைத் தணித்து, இரண்டு அலையை விட்டுவிட்டு, மூன்றாவதன் முதுகில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணி கண்ணை மூடியிருந்தாள். பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. கரையை ஒட்டிப் போகாமல் கொஞ்சம் ஆழத்துக்குப் போய்த் தெற்கே திருப்பினார். அங்கே அலை நீளமாக, மெத்தை மாதிரி வரும்.

"மாமா, மெதுவா."

"மெதுவாத்தான் போறேன். இவ்ளோ மெதுவா போனத என் பொண்டாட்டி பாத்தா எஞ்சினு ரிப்பேருன்னுவா."

எங்கள் கரையிலேயே வேகமாகப் படகு ஓட்டுபவர் அவர். போட்டியில் ஜெயித்துக் குத்துவிளக்கு வாங்கியவர். அன்றைக்கு ஒவ்வொரு அலைக்கும் எஞ்சினைத் தணித்து, ஏறி இறங்கிய பிறகு மறுபடி கொடுத்து, ஒரு குழந்தைத் தொட்டிலை ஆட்டுவது போல ஓட்டினார். அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டரை எப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

வலப் பக்கம் கரை முழுக்கத் தெரிந்தது. கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கற்கள், அதற்கு மேலே நெடுஞ்சாலை, அதில் சிவப்பும் நீலமும் பச்சையுமாக அசையாமல் நிற்கும் கண்டெய்னர்கள். முடிவே இல்லாமல் நின்றன. அண்ணன் மெல்லத் தலையைத் திருப்பினான்.

"பாரு பாப்பா, அத்தினி லாரியையும் ஓவர்டேக் எட்துகினு போறோம்."

"பேசாத."

"அப்பறம் எப்ப பேசறது."

அண்ணி அவன் வாயில் கையை வைத்தாள். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே வந்தேன். வலது கையில் தெரிந்த அளவுக்கு இடது கையில் தெரியவில்லை. கிழிசல் அந்தக் கைக்குப் போகும் கிளை வரை வந்திருக்கலாம் என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. திருவொற்றியூர்க் கோபுரம் தெரிந்தபோது அண்ணி கும்பிட்டாள், தாஸ் மாமாவும் ஒரு கையால் கும்பிட்டார். தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் எழும்பின.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே நுழைய வழி இருக்காது. தாஸ் மாமா எழுந்து நின்று, "ஒடம்பு சரியில்லாத ஆளு கீறான், வழி வுடுங்கப்பா" என்று கத்தினார். ஒரு படகிலிருந்து அடுத்ததற்குக் குரல் போனது. கயிறுகள் அவிழ்ந்தன, நடுவில் ஒரு சந்து திறந்தது. மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை விட்டுவிட்டு வந்து, வலையோடும் பாயோடும் சேர்த்து அண்ணனை மேலே தூக்கினார்கள். யாரும் யார் எவர் என்று கேட்கவில்லை. மணி பதினொன்றே கால்.

வெளியே நின்ற ஆட்டோவை ஓட்டியவர் ஒரு வயதான முஸ்லிம் பாய். விஷயத்தைச் சொன்னதும், "ஏறும்மா. கல்மண்டபம் தாண்டற வரைக்கும் பள்ளம் நெறைய. பள்ளம் வந்தா சொல்றேன், கெட்டியாப் புட்ச்சிக்கோ" என்றார். சொன்னபடியே ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால், "வருது, வருது" என்று குரல் கொடுத்து, நடக்கும் வேகத்தில் இறக்கி ஏற்றினார். ராயபுரம் பாலத்துக்குப் பிறகுதான் வேகம் எடுத்தார். எண்பது ரூபாய் வாங்கினார். சாதாரண நாளில் நூறு கேட்பார்கள். மருத்துவமனை வாசலில் மணி பதினொன்று ஐம்பது. குப்பத்திலிருந்து மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் மருத்துவர் இருந்தார். "நெஞ்சு வலியா? எப்போதிலிருந்து?" என்று கேட்டுக்கொண்டே இசிஜிக்குச் சைகை காட்டினார். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "இவருக்கு மார்ஃபன் நோய் இருக்கு மேடம். பெரிய ரத்தக்குழாய் போன எக்கோவில் 4.6. கிழிக்கிற மாதிரி வலி, நெஞ்சிலிருந்து முதுகுக்குப் போயிருக்கு. இடது கையில் நாடி குறைவா இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். வலதில் 150, இடதில் 110. அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. வலி குறையவும் ரத்த அழுத்தம் தணியவும் ஊசி, நேராக ஸ்கேன், அங்கிருந்து அறுவை சிகிச்சை அரங்கு. மாரடைப்பு என்று நினைத்து ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருந்தால் ஆளே போயிருக்கலாம் என்று அந்த மருத்துவர் பிறகு சொன்னார். "யாரு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். அண்ணி முந்திக்கொண்டு, "எங்க பாப்பா காலேஜ் படிச்சிது" என்றாள்.

கிழிந்த இடத்தையும் அதன் அடியில் இருந்த வால்வையும் எடுத்துவிட்டு, செயற்கைக் குழாயும் உலோக வால்வும் வைத்துத் தைத்தார்கள். எட்டு மணி நேரம். ரத்தம் வேண்டும் என்று பொதுத் தொலைபேசியிலிருந்து எங்கள் தெரு மளிகைக் கடைக்குச் சொன்னேன். அடுத்த ரயிலில் குப்பமே வந்து இறங்கியது. லுங்கியோடு, கடல் உப்போடு, ரத்த வங்கி வாசலில் வரிசையாக நின்றார்கள். 'படிச்ச திமுரா' என்று கேட்டவளின் புருஷன் முதல் ஆளாக நின்றான். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு டீயை என் கையில் வைத்தாள்.

பதினெட்டாம் நாள் அண்ணன் வீட்டுக்கு வந்தான். இப்போது அவன் நெஞ்சில் காதை வைத்தால் கடிகாரம் போல டிக் டிக் என்று கேட்கும். இனி அவன் பாரம் தூக்கக் கூடாது என்று தாஸ் மாமாவே கரையில் நின்று எல்லோருக்கும் சொன்னார். படகு ஏற்றும்போது இப்போது அண்ணன் பக்கத்தில் நிற்பான், யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மீன் ஏலம் கூறும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். அந்த உயரத்துக்குக் கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் அவன் முகம் தெரியும்.

இனி கேட்டவருக்கான பதில். அவசரமில்லாத பரிசோதனைக்கு ரயில்தான் நல்லது. எண்ணூரிலிருந்து சென்ட்ரலுக்கு முக்கால் மணி நேரம், இறங்கினால் எதிரிலேயே மருத்துவமனை, டிக்கெட் ஆறு ரூபாய், லாரித் தொல்லை இல்லை. அவசரம் என்றால் இப்போது 108 இருக்கிறது. கூப்பிடும்போதே சாலை நிலவரத்தையும் சொல்லுங்கள். எங்களைப் போலக் கடலில் போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அன்றைக்கு வேறு வழி இல்லை, கடலும் ஓட்டியவரும் நல்லபடியாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

தம்பியின் கடைசி எக்கோ அளவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் நோயின் பெயர்தான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். வலி அதற்கு அடுத்தது. உலோக வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு, அதற்கான ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. முக்கியமாக, வீட்டில் எல்லோருக்கும் எக்கோ எடுங்கள். எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. அண்ணனின் ஆறு வயது மகளுக்கு இருக்கிறது. ஆனால் அவள் விஷயத்தில் இப்போதே தெரிந்துவிட்டது. மாத்திரை போடுகிறாள், வருடா வருடம் அளக்கிறோம். விரிந்தால் கிழிவதற்கு முன்னாலேயே தைத்துவிடலாம் என்கிறார்கள். எங்கள் நைனாவுக்குக் கிடைக்காத வசதி அது. ஊர்க்காரர்களிடம் மறைக்காதீர்கள். தெரிந்திருந்தால் அன்றைக்கு எங்கள் கரையில் அவனைத் தோள் கொடுக்க விட்டிருக்க மாட்டார்கள்.

சுளுக்குக்குக் கால் வைப்பதை நான் நிறுத்திவிட்டேனா என்று சிலர் கேட்பார்கள். நிறுத்தவில்லை. ஆனால் வருபவர்களிடம் முதலில் கேள்வி கேட்பேன். எங்கே ஆரம்பித்தது, இழுக்கும்போது பிடித்ததா, தானாக வந்ததா, நெஞ்சிலிருந்து பின்னால் போனதா, மூச்சு வாங்குகிறதா. இரண்டு கையிலும் நாடி பார்ப்பேன். சரியில்லை என்று தோன்றினால் காலை மடக்கி உட்கார்ந்துவிடுவேன், அதற்கு மேல் என்னிடம் யாரும் வாதாடுவதில்லை.

போன வாரம், 'படிச்ச திமுரா' என்று கேட்ட அதே பெண் தன் புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து எங்கள் வாசலில் குப்புறப் போட்டாள். நான் வாய் திறப்பதற்குள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒப்பித்தாள்.

"வல இழுக்கசொல்லோ புட்ச்சிது. தானா வர்ல. நெஞ்சுல ஒண்ணும் இல்ல, கிழிக்கல, வேத்துக் கொட்டல. ரெண்டு கையிலயும் நாடி ஒண்ணாத்தான் அடிக்குது, நான் பாத்துட்டேன். காலு நீட்டு பாப்பா."

நானும் ஒருமுறை நாடி பார்த்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது. காலை நீட்டினேன்.